நுரையீரல் ஆபரேஷனுக்குப் பிறகு வலி மருந்து: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு வயது 68, சர்க்கரை உண்டு. வலது நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்து ஐந்து நாள் ஆகிறது. முதல் இரண்டு நாள் கீட்டோரோலாக் என்ற வலி ஊசி போட்டார்கள். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நன்றாகவே இருமினார். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.7 என்று கூடி வந்ததும் நிறுத்திவிட்டார்கள். அந்த வகை மருந்து சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும், அதனால் நிறுத்தியது சரிதான். ஆனால் இப்போது டிரமடால் என்ற வேறு வலி மருந்து போட்டால் வாந்தி, தலைசுற்றல். பாராசிட்டமால் மட்டும் போதவில்லை. இருமவே பயப்படுகிறார். மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த ஸ்பைரோமீட்டரில் மூன்று பந்தும் ஏறிய இடத்தில் ஒன்றுதான் ஏறுகிறது. சளி தேங்கி நிமோனியா ஆகிவிடுமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை.

இப்படி இருந்தவர்களுக்கு முதுகில் மரத்துப்போகும் ஊசி கொடுத்தார்களா? கிரியேட்டினின் இறங்கியபின் பழைய ஊசியை மறுபடி தொடங்கினார்களா? காலை ரவுண்ட்ஸில் டாக்டரிடம் என்ன கேட்கலாம்? தயவுசெய்து சொல்லுங்கள். நாங்களாக எந்த மாத்திரையும் வாங்கித் தர மாட்டோம்.