கிங் பின்னுக்கு வெல்டிங் வைப்பது சரியா? திருகோணமலை பிரைம் மூவர் (ட்ரெய்லர் இழுக்கும் வண்டி) சாரதிகள் சொல்லுங்கள்

உவர்மலைச் சாரதி:
போன மாதம் சீனன்குடாவில் மா மூட்டை ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போனேன். கந்தளாய் தாண்டியதும், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் 'டொங்' என்று ஒரு அடி. திரும்ப இழுக்கும்போதும் அதே அடி. ஃபிஃப்த் வீல், அதாவது வண்டியின் பின்பக்கம் ட்ரெய்லரைத் தாங்கும் தட்டு, அதன் தாடைக்குள் கிங் பின் (ட்ரெய்லருக்கு அடியில் நீட்டி நிற்கும் உருக்கு முளை) ஆடுகிறது என்று புரிந்துவிட்டது. ஹபரணைக் காட்டுவழியில் யானை குறுக்கே வந்து சட்டென்று பிரேக் அடிக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

ஊருக்கு வந்ததும் ஒரு கராஜில் விட்டேன். தேய்ந்த பின்னுக்கு மேல் வெல்டிங் வைத்து, கிரைண்டரால் உருட்டித் தந்தார்கள். மூன்று வாரம்தான் தாங்கியது. இப்போது தாடையும் ஒரு பக்கம் அரைபட்டுக் கிடக்கிறது. "அதையும் நிரப்பித் தருகிறோம்" என்கிறார்கள். கிங் பின்னில் வெல்டிங் வைக்கிற கராஜில் வண்டியை விடவே கூடாது என்பேன் நான்.

கந்தளாய் பாஸ்:
தம்பி, பழியை முழுவதும் கராஜ்காரன் தலையில் கட்டாதீர்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வண்டிகளை ஓட வைத்தது எங்களைப் போன்ற கராஜ்காரர்கள்தான். பாகம் வேண்டுமென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஆள் போக வேண்டும். அதுவரை வண்டி நின்றால் முதலாளி சும்மா இருப்பாரா? "எப்படியாவது இன்றைக்கே ஓட வையுங்கள்" என்று நிற்பதும் நீங்கள்தானே.

இன்னொன்று கேட்கிறேன். பழைய கிரீஸைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கடைசியாக எப்போது புதிது பூசினீர்கள்? என்னிடம் வரும் வண்டிகளில் மாவும் சீமெந்துத் தூளும் கடற்காற்று உப்பும் சேர்ந்து கிரீஸ் கறுத்த களியாக இருக்கும். அது வழுக்காது, அரம் மாதிரி அராவும். தேய்வு அங்கேதான் தொடங்குகிறது.

உவர்மலைச் சாரதி:
கிரீஸ் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். பூசியதன் மேலேயே பூசிக்கொண்டிருந்தேன். ஆனால் கிங் பின் விஷயத்தை விடமாட்டேன் அண்ணா. இரண்டங்குலப் பின் புதிதில் 50.8 மில்லிமீட்டர். தேய்ந்து 49க்கு வந்தால் மாற்றியே ஆக வேண்டும். வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். என் பின்னை யாருமே அளக்கவில்லை, கண்ணால் பார்த்துவிட்டு வெல்டிங்கை எடுத்தார்கள். அது சாதாரண இரும்பா? அடித்து உருவாக்கிப் பதமேற்றிய உருக்கு. வெல்டிங் சூட்டில் பதம் கெட்டால் மயிரிழை போல வெடிப்பு விழும், வெளியே தெரியாது. ட்ரெய்லர் முழுவதும் அந்த ஒரு பின்னில்தான் இழுபடுகிறது.

கிண்ணியா நானா:
22 வருடமாக ட்ரெய்லர் இழுக்கிறேன். இரண்டு பேரும் ட்ரெய்லரை வண்டியில் கொளுவுகிற விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொளுவும் முன் ட்ரெய்லரின் அடித்தட்டு ஃபிஃப்த் வீலை விடச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். பின்னால் போகும்போது வண்டி ட்ரெய்லரைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும். ட்ரெய்லரின் தாங்கு கால் உயரமாக நின்றால் கிங் பின் தாடைக்கு மேலே ஏறிவிடும், அல்லது அடி விளிம்பு மட்டும் மாட்டும். சத்தம் கேட்டது, பூட்டு விழுந்துவிட்டது என்று பெடியன்கள் புறப்பட்டுவிடுகிறார்கள்.

நான் சத்தத்தை நம்புவதில்லை. சின்ன கியரில், ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பேன். அப்புறம் இறங்கி, குனிந்து டோர்ச் அடித்துப் பார்ப்பேன். தட்டுக்கும் ஃபிஃப்த் வீலுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக்கூடாது. தாடை பின்னைச் சுற்றி மூடியிருக்க வேண்டும். மழையானாலும் பார்ப்பேன்.

உவர்மலைச் சாரதி:
நானா சொல்வது நல்ல பழக்கம், நானும் செய்கிறேன். ஆனால் தேய்ந்த கிங் பின் அந்தச் சோதனையில் தப்பிவிடுகிறதே! என் வண்டி இழுத்துப் பார்த்தபோது கழன்று வரவில்லை, ஓடும்போதுதான் அடித்தது.

கந்தளாய் பாஸ்:
சரி, ஒன்றை நானும் ஒத்துக்கொள்கிறேன். பின்னிலும் தாடையிலும் நான் வெல்டிங் வைப்பதில்லை. தாடைக்கு மாற்று செட் வரும். ஆனால் ஆட்டம் இருந்தால் தாடையின் அட்ஜஸ்ட் போல்ட்டை இறுக்கித் தரச் சொல்லி சாரதிகளே வருகிறார்கள். தேய்ந்த பின்னுக்கு இறுக்கிவிட்டு, நாளைக்குப் புதுப் பின் உள்ள வேறு ட்ரெய்லரைக் கொளுவினால் பூட்டு முழுதாக விழாது. இதைச் சொன்னால் "பாஸுக்கு வேலை தெரியாது" என்று அடுத்த கராஜுக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

உவர்மலைச் சாரதி:
அப்படிச் சொல்லித் தருகிற கராஜைத்தான் நான் தேடுகிறேன் அண்ணா. என்னுடையது போல்ட் போட்ட கிங் பின், கழற்றலாம். முதலாளியிடம் பேசி இரண்டு நாள் வண்டியை நிறுத்துகிறேன். பின்னும் தாடை செட்டும் வந்ததும் கந்தளாய்க்கு எடுத்து வரவா?

கந்தளாய் பாஸ்:
வாருங்கள். போல்ட்டையும் புதிதாக வாங்குங்கள், பழையதைத் திரும்பப் போட மாட்டேன். மாட்டுவதற்கு முன் உங்கள் கண் முன்னாலேயே வெர்னியர் வைத்துக் காட்டுகிறேன். ஆனால் கிரீஸைச் சுரண்டிவிட்டு வர வேண்டும்.