புதுப்பிப்பு: கொழிஞ்சாம்பாறை பக்கத்துச் சுகாதாரத் தரவு

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கத்து மக்களின் உடல்நலத்தையும், அதோடு பின்னிக் கிடக்கும் தண்ணீர், வீடு, படிப்பு நிலையையும் காட்டும் பொதுத் தரவு எங்கே கிடைக்கும் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலரும் சொன்ன தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) நல்ல தொடக்கம். ரத்தசோகை, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவு, கழிப்பறை, சமையல் எரிபொருள் எல்லாம் ஒரே இடத்தில் வருகின்றன. ஆனால் அதன் தரவு மாவட்ட அளவோடு நின்றுவிடுகிறது. பாலக்காடு நகரமும், அட்டப்பாடிப் பழங்குடி ஊர்களும், தமிழக எல்லையை ஒட்டிய எங்கள் பஞ்சாயத்துகளும் ஒரே சராசரிக்குள் கரைந்துவிடுகின்றன. 2013இல் அட்டப்பாடியில் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தது நாடே அறிந்த செய்தி. மாவட்டச் சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு அப்படி ஒரு துயரம் கண்ணிலேயே படாது. எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

கிராம அளவுக்கு இறங்க 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான் கைகொடுத்தது: எழுத்தறிவு, தொழில், பட்டியல் சாதி, பழங்குடி விவரம். பழையதுதான், இருந்தாலும் அடித்தளமாக வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீருக்கு மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் அறிக்கைகளைப் பாருங்கள். எங்கள் பக்கம் ஃபுளோரைடு சிக்கல் உண்டு, குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்போடு ஒப்பிட்டுப் படியுங்கள்.

அப்புறம், ஆரம்ப சுகாதார நிலைய வாரியான நோய்க் கணக்கு கேட்டு, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டி விண்ணப்பித்திருக்கிறேன். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வந்ததும் இங்கேயே போடுகிறேன்.