எக்ஸ்எஸ்எல் கேட்டால் எதைக் கொடுப்பது?

கோணக்குறி:
வாடிக்கையாளர் ஒருவர் "இன்வாய்ஸுக்கு எக்ஸ்எஸ்எல் ஃபைல் வேண்டும்" என்று மெயில் போட்டார். எக்ஸ்எம்எல் டேட்டாவை (தகவலை டேக் போட்டு வைக்கும் வடிவம்) எச்டிஎம்எல் பக்கமாக்கும் ஸ்டைல்ஷீட்டை இரண்டு நாள் உட்கார்ந்து எழுதி அனுப்பினேன். அவர் எதிர்பார்த்ததோ பிடிஎஃப். பக்க அளவு, மார்ஜின், பக்கத்துக்குப் பக்கம் தலைப்பு எல்லாம் வேண்டுமாம். "எக்ஸ்எஸ்எல் என்று தெளிவாகத்தானே சொன்னேன்" என்கிறார். தப்பு யார் பேரில்?

பழையகோப்பு:
உங்கள் பேரில்தான். 2001 அக்டோபரில், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி வெளியிட்ட பரிந்துரையின் பெயரே எக்ஸ்எஸ்எல் 1.0. பக்க அமைப்பைச் சொல்லும் மொழி அது; நாம் எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓ, சுருக்கமாக எஃப்ஓ, என்று கூப்பிடுவது அதைத்தான். 2006-ல் வந்த 1.1-க்கும் அதே பெயர். நீங்கள் எழுதியது எக்ஸ்எஸ்எல்டி, எக்ஸ்எம்எல்லை வேறு வடிவமாக மாற்றும் மொழி. அது 1999 நவம்பரிலேயே, எக்ஸ்எம்எல்லுக்குள் இடம் சுட்டும் எக்ஸ்பாத்தோடு தனியாக வந்துவிட்டது. கடைசி எழுத்தை விழுங்கினால் இப்படித்தான்.

டெம்ப்ளேட் தம்பி:
சட்டம் பேசாதீங்க அண்ணே. அதே 1.0 ஆவணத்தில் இரண்டாம் அத்தியாயத்தைத் திறங்க. தலைப்பு 'எக்ஸ்எஸ்எல் டிரான்ஸ்ஃபர்மேஷன்'. உள்ளே போனா, டேட்டாவை மாற்றி டேக் மரம் (கிளைகிளையான அமைப்பு) கட்டுற வேலைக்கு எக்ஸ்எஸ்எல்டியைப் பாருன்னு கைகாட்டிட்டு நகர்ந்துடுது. மாற்றுறது, பக்கம் அமைக்கிறது ரெண்டும் சேர்ந்ததுதான் எக்ஸ்எஸ்எல். கோணக்குறி எழுதினதும் அதில் பாதி. போதாததுக்கு எக்ஸ்எஸ்எல்டி டேக் ஒவ்வொண்ணுக்கும் முன்னால 'எக்ஸ்எஸ்எல்:'னுதானே போடுறோம்?

பழையகோப்பு:
முன்னொட்டு வெறும் பழக்கம். தமிழில் 'மா:' என்று வைத்தாலும் ஓடும். டேக் எந்த மொழியைச் சேர்ந்தது என்று காட்டும் நேம்ஸ்பேஸ் முகவரியைப் பாருங்கள். ஒன்று '1999/எக்ஸ்எஸ்எல்/டிரான்ஸ்ஃபார்ம்' என்று முடியும், மற்றது '1999/எக்ஸ்எஸ்எல்/ஃபார்மேட்' என்று முடியும். இரண்டும் வேறு வேறு.

டெம்ப்ளேட் தம்பி:
ரெண்டுக்கும் நடுவுல என்ன இருக்குன்னு நீங்களே இன்னொரு தடவை படிங்க. எனக்கு இதைவிடச் சாட்சி வேணுமா?

வரிமுறி:
நான் தினமும், எஃப்ஓவைப் பிடிஎஃப் ஆக்கும் அப்பாச்சி எஃப்ஓபி ஓட்டுகிறவன். கமாண்டில் '-எக்ஸ்எஸ்எல்' கொடுத்தால் அது எதிர்பார்ப்பது எக்ஸ்எஸ்எல்டி ஃபைலை. எஃப்ஓ ஃபைலைக் கொடுக்க '-எஃப்ஓ' என்று தனி ஆப்ஷன். பழையகோப்பு ஐயா சொல்லும் அந்த எக்ஸ்எஸ்எல்லுக்காகவே எழுதப்பட்ட கருவி இது! அதுவே இப்படிப் பேசும்போது அந்த வாடிக்கையாளரையோ கோணக்குறியையோ என்ன சொல்வது?

இதைவிட எனக்கு எரிச்சல் 'ஸ்டைல்ஷீட்' என்ற சொல்தான். எக்ஸ்எம்எல்லைக் கமா போட்ட வெறும் டெக்ஸ்டாக மாற்றுகிறேன். நிறமும் இல்லை, எழுத்துருவும் இல்லை. அதுவும் ஸ்டைல்ஷீட்டாம்.

டெம்ப்ளேட் தம்பி:
ஃபைல் முழுக்கச் சுத்தி நிக்கிற ரூட் எலிமெண்டை 'டிரான்ஸ்ஃபார்ம்'னு எழுதுங்க, யார் தடுத்தா? 'ஸ்டைல்ஷீட்'டும் அதுவும் ஒண்ணுதான்னு எக்ஸ்எஸ்எல்டி 1.0-லயே இருக்கு. யாரும் எழுதுறதில்லை, அவ்வளவுதான்.

பழையகோப்பு:
நான் ஏன் பிடிவாதம் பிடிக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். 1999 மார்ச்சில் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5, பரிந்துரை முடிவாகும் முன்பே வரைவை வைத்து ஒரு எக்ஸ்எஸ்எல்லைக் கொடுத்தது. அதன் நேம்ஸ்பேஸே வேறு. அந்தக் காலத்து ஃபைல் ஒன்று என் தலையில் விழுந்தது. பெயரின் வால் '.எக்ஸ்எஸ்எல்', உள்ளே டெம்ப்ளேட், ஃபார்-ஈச் எல்லாம் பார்த்த முகம். புது எக்ஸ்எஸ்எல்டி பிராசஸரில் (ஓட்டும் மென்பொருளில்) போட்டால் ஓட மறுக்கிறது. அரை நாள் கழித்துத்தான் முதல் வரியைப் படித்தேன். ஒரே பெயரில் மூன்று சரக்கு தம்பி. அன்று பட்டவன் சொல்கிறேன்.

டெம்ப்ளேட் தம்பி:
அது நியாயம். ஆனா உங்களைக் காப்பாத்தினது முதல் வரி, ஃபைலோட பேர் இல்லையே.

வரிமுறி:
கோணக்குறி, உங்கள் இரண்டு நாள் வீண் இல்லை. எந்த டேட்டாவுக்கு எந்த டெம்ப்ளேட் என்று சொல்லும் மேட்ச் எல்லாம் அப்படியே இருக்கட்டும். உள்ளே எச்டிஎம்எல் டேக் இருக்கும் இடத்தில் எஃப்ஓ பிளாக், எஃப்ஓ டேபிள் வையுங்கள். பக்க அளவுக்கு மேலே ஒரு லேஅவுட் மாஸ்டர் செட். வெளிவரும் எஃப்ஓவை எஃப்ஓபி போன்ற ஃபார்மேட்டருக்குக் கொடுத்தால் பிடிஎஃப்.

கோணக்குறி:
நன்றி, அப்படியே செய்து பிடிஎஃப் அனுப்பிவிட்டேன். இந்தத் திரியின் சாரத்தையும் மெயிலில் விளக்கியிருந்தேன். வாடிக்கையாளர் இப்போது உஷாராகிவிட்டார். இன்று வந்த மெயில்: "அடுத்த அறிக்கை பிரவுசரிலேயே திறக்க வேண்டும். எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓ வேண்டாம், எக்ஸ்எஸ்எல்டி 2.0-ல் எழுதவும்."

பழையகோப்பு:
பெயரெல்லாம் சரி. பிரவுசருக்கு 1.0-தான் தெரியும் என்று நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா?