வான் (வேன்) வீட்டில் ஏற்கனவே உள்ள வயரிங்கோடு சோலார் சேர்ப்பது: திருகோணமலைப் பக்கத்து நாலு ஊர்க்காரரின் அனுபவங்கள்

உப்புவெளியிலிருந்து

பனல் வாங்க முதல் கணக்குப் போடுங்கள். படுக்கை வைத்த ஹயஸ் வானில் வழமையாக இருப்பது 12 வோல்ட் ஃபிரிட்ஜ், ஒரு ஃபேன், எல்ஈடி லைட், போன் சார்ஜர். நம்மட வெக்கைக்கு ஃபிரிட்ஜ் நாளுக்கு 40 அம்பியர்-மணி இழுக்கும். ஃபேன் 2 அம்பியர் படி இரவு 10 மணித்தியாலம் ஓடினால் 20. மிச்சம் எல்லாம் 8. ஆக 68 அம்பியர்-மணி, 12 வோல்டால் பெருக்கினால் 816 வாட்-மணி. 200 வாட் பனலுக்கு முழு வெயில் 5 மணித்தியாலம், இழப்பு 30 வீதம் என்று வைத்தாலும் கிடைப்பது 700 தான். 300 வாட் போட்டால் 1050, கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

சாய்த்துப் பூட்டத் தேவையில்லை. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் இங்கே உச்சி வெயில் தலைக்கு நேரே விழும். கூரையில் தட்டையாகக் கிடக்கட்டும், ஆனால் கீழே 4 சென்ரிமீற்றராவது காற்றுப் போக இடம் விடுங்கள். பனல் 65 பாகை வரை சூடேறினால் வோல்ட் இறங்கி, சக்தியில் 14 வீதம் அளவில் போய்விடும். வளையும் பனலைக் கூரைத் தகட்டோடு ஒட்டுவது இந்த ஊருக்குச் சரிவராது.

வாடை மழைக்கு மேலே சொன்ன கணக்குச் செல்லாது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை எஞ்சின் சார்ஜையும் 230 வோல்ட் பிளக் சார்ஜரையும் கைவிட வேண்டாம்.

கிண்ணியாவிலிருந்து

கணக்கு சரி. ஆனால் பிழை வருவது பனலில் இல்லை, பழைய வயரிங்கோடு சேருமிடத்தில். கொன்ட்ரோலரின் (பனலிலிருந்து பற்றரிக்குப் போகும் சார்ஜை ஒழுங்குபடுத்தும் பெட்டி) வயரை லைட் பியூஸ் பெட்டியில் கொண்டுபோய்ச் செருகிவிடுகிறார்கள். அது நேரே வீட்டுப் பற்றரியின் (ஃபிரிட்ஜ், லைட்டுக்கான பற்றரி, எஞ்சினை ஸ்டார்ட் செய்வது அல்ல) முனைக்குப் போகவேண்டும், பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூசும் இருக்கவேண்டும். 20 அம்பியர் கொன்ட்ரோலருக்கு 30 அம்பியர் பியூஸ் போதும்.

வயர்த் தடிப்பைப் பாருங்கள். கொன்ட்ரோலருக்கும் பற்றரிக்கும் 4 மீற்றர் தூரம் என்றால் போக வர 8 மீற்றர். 15 அம்பியர் ஓடும்போது 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 0.84 வோல்ட் விழும். கொன்ட்ரோலர் 14.4 காட்டும், பற்றரி காண்பது 13.56. கொன்ட்ரோலர் நினைக்கும் பற்றரி நிறையப்போகிறதென்று, உள்ளே இன்னும் நிறைந்திராது. 6 சதுர மில்லிமீற்றரில் இந்த விழுக்காடு 0.35 ஆகும். அதைவிட நல்லது, கொன்ட்ரோலரைப் பற்றரிக்கு ஒரு மீற்றருக்குள் பூட்டுவது. நீள வயர் வேண்டுமென்றால் பனல் பக்கத்தில் நீளட்டும்.

அடுத்தது ஸ்பிளிட் சார்ஜ் ரிலே, அதாவது எஞ்சின் ஓடும்போது ஸ்டார்ட்டர் பற்றரியையும் வீட்டுப் பற்றரியையும் தானாகச் சேர்க்கும் சுவிட்ச். பொதுவாக 13.3 வோல்டில் சேரும், 12.8இல் விடும். இரண்டு பக்கமும் பார்க்கும் ரிலே என்றால் சோலார் வோல்டை ஏற்றும்போது ஸ்டார்ட்டர் பற்றரிக்கும் சார்ஜ் போகும். நிற்கும் வானுக்கு அது நல்லதே. ஆனால் ஈய (லெட் அசிட்) பற்றரியைக் கழற்றி லித்தியம் வைத்தால் கதை மாறும். லித்தியம் 12.8க்கு இறங்குவதற்குள் பெரும்பகுதி தீர்ந்துவிடும், ரிலேயோ அதுவரை விடாமல் சேர்ந்தே கிடக்கும். எஞ்சின் ஓடும்போது அல்டர்னேட்டரிலிருந்து அளவில்லாமல் இழுத்து அதையும் சூடாக்கும். ரிலேயை எடுத்துவிட்டு 30 அம்பியர் டிசி-டிசி சார்ஜர் போடுங்கள், அது அல்டர்னேட்டரிலிருந்து இழுக்கும் அளவைக் கட்டுப்படுத்தும்.

நிலாவெளியிலிருந்து

கடற்கரையோரம் நிற்கும் வானுக்கு உப்புக் காற்றுத்தான் முதல் எதிரி. வெறும் செப்பு வயர் உறைக்குள்ளேயே கறுத்துப்போகும். வெள்ளீயம் பூசிய வயர் வாங்குங்கள். பனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரை வெவ்வேறு கொம்பனிகளில் வாங்கி ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது. பூட்டினதுபோல் இருக்கும், உள்ளே தொடுகை பிசகிச் சூடாகி உருகும். கூரையில் வயர் இறங்கும் துளைக்கு வெளியே வயரைக் கொஞ்சம் கீழ்நோக்கி வளைத்துவிட்டால் மழை உள்ளே வடியாது. அலுமினியச் சட்டத்தில் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணி பூட்டினால் நடுவில் நைலோன் வாசர் போடுங்கள், இல்லாவிட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரையும்.

வீட்டுக் கரண்டுக்கான ஏசி (மாறும் மின்) பிரேக்கரை பற்றரி, பனலின் டிசி (நேர் மின்) லைனில் போடுவதையும் காண்கிறோம். டிசியில் பொறி தானாக அணையாது, பிரேக்கருக்குள் எரியும். டிசி என்று எழுதியதையே கேட்டு வாங்குங்கள்.

தென்னை நிழல் ஒரு பனலில் விழுந்தால் என்ன செய்வது என்று கேட்ட தம்பிக்கு: இரண்டு பனல் என்றால் பரலல் கொடுங்கள் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்). ஒன்றில் நிழல் விழுந்தாலும் மற்றது வேலை செய்யும். இரண்டுக்குத் தனிப் பியூஸ் தேவையில்லை. மூன்றாவது சேர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் போடவேண்டும்.

கன்னியாவிலிருந்து

கொன்ட்ரோலர் செட்டிங்கை யாரும் சொல்லவில்லை. ஏஜிஎம் (மூடிய ஈய வகை) பற்றரிக்குச் சார்ஜ் வோல்ட் 14.4 முதல் 14.7, நிறைந்த பிறகு பிடித்துவைக்கும் மிதவை வோல்ட் 13.6 அளவில். லித்தியத்துக்கு 14.2 முதல் 14.4, ஈக்குவலைஸ் (இடைக்கிடை வோல்டைக் கூட்டிச் சார்ஜ் செய்வது) நிறுத்தம், வெப்பத் திருத்தமும் (சூட்டுக்கேற்ப வோல்டை மாற்றுவது) நிறுத்தம். ஏஜிஎம்முக்கு வெப்பத் திருத்தம் வேண்டும், ஆனால் பல கொன்ட்ரோலர்கள் தங்கள் சூட்டையே அளக்கின்றன. எஞ்சினுக்குப் பக்கத்துப் பெட்டியில் அது 45 பாகையில் இருந்தால், பாகைக்கு 0.03 வோல்ட் படி 0.6 வோல்டைக் குறைத்துவிடும். குளிர்ந்த இடத்தில் இருக்கும் பற்றரி பட்டினி கிடக்கும். பற்றரி முனையில் ஒட்டும் சென்சர் தனியாகக் கிடைக்கும், விலையும் பெரிதில்லை.

இன்னொன்று: இன்வேட்டரின் (பற்றரியை 230 வோல்டாக மாற்றும் பெட்டி) பிளக்கிலிருந்து பற்றரி சார்ஜருக்குக் கரண்ட் போகாதபடி பிரித்துவிடுங்கள். தன் பற்றரியைத் தானே சார்ஜ் செய்யப்போய் இரவோடு காலியாகும்.

கிண்ணியாவிலிருந்து மறுபடி

பூட்டும் ஒழுங்கு: முதலில் பற்றரியைக் கொன்ட்ரோலருக்குக் கொடுத்து அது 12 வோல்டை அடையாளம் காணவிடுங்கள், பிறகு பனல். கழற்றும்போது பனல் முதலில். வேலை முடியும்வரை பனல் மேல் தடித்த சாக்கைப் போர்த்துவையுங்கள். பற்றரி மீற்றர் இருந்தால் கொன்ட்ரோலரின் நெகட்டிவ் வயர், ஷண்டின் (மீற்றருக்காகக் கரண்டை அளக்கும் துண்டு) லோட் பக்கம் போகவேண்டும். நேரே பற்றரி முனைக்குப் போனால் சோலார் தந்ததை மீற்றர் எண்ணாது.