1958 எட்செல்: மேட்டில் 'பார்க்' நிலையிலிருந்து கியர் விடுபடவில்லை

கேள்வி: 1958 எட்செல் கோர்சேர் (ஃபோர்டு கார்), பட்டனை அழுத்திக் கியர் மாற்றும் டெலிடச் அமைப்பு. சமதளத்தில் சரியாக மாறுகிறது, மேட்டில் நிறுத்தினால் பார்க்கை (வண்டி நகராமல் பூட்டும் கியர் நிலை) விட்டு வர மறுக்கிறது. கியர் மாற்றும் மோட்டாரை மாற்ற வேண்டுமா?

பதில் 1: அவசரப்பட வேண்டாம், இது பிறவிக் குறை. ஸ்டியரிங் நடுவில் உள்ள பட்டன் மின் சமிக்ஞை மட்டுமே தரும். கியரை நகர்த்துவது ஒரு மின்மோட்டார். சரிவில் வண்டியின் எடை பார்க்கிங் பூட்டின் மேல் இறங்கிவிட்டால் அதை இழுத்தெடுக்க மோட்டாருக்குப் பலம் போதாது. முதலில் பார்க்கிங் பிரேக்கை இறுக்குங்கள், அப்புறம்தான் பார்க் பட்டன். அன்றைய டீலர்களும் இதையேதான் சொல்லிக் கொடுத்தார்கள்.

பதில் 2: டெலிடச் மோட்டாருக்குப் போகும் வயரையும் பாருங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு (எஞ்சின் புகையை வெளியேற்றும் சூடான குழாய்) மிக அருகில் போகிறது. லேசாக வளைக்கும்போதே உறை நொறுங்கினால், சூடு தாங்கும் உறையுள்ள புது வயரைப் போட்டு, மேனிஃபோல்டிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். பேட்டரி முனையும் எர்த் இணைப்பும் துருவில்லாமல் இருக்கட்டும்.

பதில் 3: தயவுசெய்து பட்டன்களைக் கழற்றிவிட்டு லீவர் வைத்துவிடாதீர்கள். 1959 மாடலிலேயே ஃபோர்டு டெலிடச்சைக் கைவிட்டது, 1959 நவம்பரில் எட்செலையே நிறுத்தியது. ஆக, இந்தப் பட்டன்கள் 1958-இல் மட்டும்தான். சேகரிப்பாளர்கள் தேடுவதும் இவற்றைத்தான்.