பத்தமடைப் பாய் கருத்தரங்கு: மேடையில் தமிழ், ஜூமில் பல மொழி. எப்படிச் சமாளிக்க?

முக்கூடல்:
பாளையங்கோட்டையில் ரெண்டு நாள் கருத்தரங்கு, கோரைப்பாய் நெசவு பத்தி. அரங்கில் 120 பேர். பத்தமடை நெசவாளர்கள் 15 பேர் பேசுதாங்க, தமிழ் மட்டும்தான். ஜூமில் யாழ்ப்பாணம், ஜெர்மனி, ஜப்பான், டொராண்டோவிலிருந்து 40 பேர். இங்கிலீஷ்ல நடத்திட்டு கடைசியில் தமிழ்ச் சுருக்கம் குடுத்திரலாம்னு குழுவில் சொல்லுதாங்க. எனக்கு மனசு ஒப்பலை. நெசவாளர்களும் கேள்வி கேக்கணும், பதில் அவங்களுக்கு அப்பவே புரியணும். என்னென்ன ஏற்பாடு வேணும்?

கொக்கிரகுளம்:
சுருக்கம் வேண்டாம் அண்ணாச்சி. சுருக்கம் வரும்போது கேள்வி நேரம் முடிஞ்சிருக்கும். தமிழ்–இங்கிலீஷ் உடனடி மொழிபெயர்ப்பு, ரெண்டு பக்கமும் வைங்க. ஜப்பான்காரங்களுக்கு இங்கிலீஷ் போதுமான்னு பதிவுப் படிவத்திலேயே கேட்டுருங்க.

மொழிபெயர்ப்பாளர் ரெண்டு பேர் கட்டாயம். 20–30 நிமிஷத்துக்கு ஒருக்க மாறணும். ஒருத்தரே இழுத்தா முதல்ல விடுபடுறது எண்களும் பெயர்களும்தான். தமிழ்ல வினை கடைசியில வரதுனால, வாக்கியம் நீண்டா மொழிபெயர்ப்பவர் காத்துக் கிடக்கணும்; பேசுறவங்ககிட்ட சின்னச் சின்ன வாக்கியமாச் சொல்லச் சொல்லுங்க.

ஜூம்ல இந்த வசதி இலவசக் கணக்கில் கிடையாது. கூட்டம் போடுறதுக்கு முன்னாடியே இணையதள அமைப்பில் திறந்து விடணும். சொந்தக் கூட்ட எண்ணில் வேலை செய்யாது. தானா உருவாகுற எண்தான் வேணும். மொழிப் பட்டியல்ல தமிழ் இல்லைன்னா நாமளே சேக்கலாம். கிளவுட் பதிவில் (ஜூம் தன் சர்வர்ல சேமிக்கிறது) வழக்கமா பேசுறவங்களோட மூலக்குரல்தான் விழும். இங்கிலீஷ் குரலும் வேணும்னா ஒரு மடிக்கணினியை ஜூமோட இங்கிலீஷ் மொழிச் சேனல்ல உக்கார வச்சு அதிலேயே பதிவு பண்ணுங்க.

மேலப்பாளையம் சவுண்ட்:
அரங்கில் பெரும்பாலும் தமிழ் ஆட்கள்தானே? வெளிநாட்டுக்காரர் பேசும்போது அரங்கு ஸ்பீக்கர்ல தமிழ்க் குரலையே விடுங்க. இங்கிலீஷ்ல கேக்க விரும்புறவங்க தங்க போன்ல ஜூமைத் திறந்து இயர்போன் போட்டுக்கிடட்டும். எங்கேயும் தலைகீழாத்தான் செய்யுதாங்க, நெசவாளர் காதில் கருவியை மாட்டி விட்டுருதாங்க.

இதுக்கு மடிக்கணினி ரெண்டு. முதலாவது மேடை ஒலியை ஜூமுக்கு அனுப்பும்: மைக் எல்லாம் மிக்சருக்கு, மிக்சரோட ஆக்ஸ் வெளியீட்டிலிருந்து (அரங்கு ஸ்பீக்கருக்குப் போறதில்லாம தனியா ஒலி எடுக்கிற வழி) யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியா உள்ளே. ரெண்டாவது ஜூமோட தமிழ்ச் சேனல்ல நிக்கும், மைக்கை அணைச்சு வைங்க. அது மிக்சருக்கு ஒலி தரும். மிக்சர்ல ரெண்டாவது மடிக்கணினி ஒலி வர்ற சேனல்ல ஆக்ஸ் குமிழ் சுழியத்தில் இருக்கணும். கொஞ்சம் திறந்திருந்தாலும் டொராண்டோக்காரர் பேச்சுக்குப் பின்னாலேயே தமிழும் ஜூமுக்குள்ள போயிரும், மொழிபெயர்ப்பவர் தன் குரலையே திரும்பக் கேட்டுத் திணறுவார். மேடையில் தமிழ் ஓடும்போது அந்தச் சேனலோட ஃபேடரை (ஒலியைக் கூட்டிக் குறைக்கிற தள்ளுவிசை) முழுசா இறக்குங்க, இல்லைன்னா நெசவாளர் சொன்னதே தாமதமா ஸ்பீக்கர்ல திரும்ப வரும். ஃபேடருக்குன்னு ஒரு ஆள் வேணும், வேற வேலை குடுக்காதீங்க.

மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தனி அறை, கம்பி ஹெட்செட், கம்பி இணையம். இயர்போன்காரங்களை வீடியோவை நிறுத்தச் சொல்லுங்க. ஒலி மட்டும்னா ஆளுக்கு 100 கேபிபிஎஸ் இணைய வேகம் போதும், வைஃபை தாங்கும்.

வீரவநல்லூர்:
சொற்பட்டியலை மறந்துராதீங்க. ஒரு வாரம் முன்னாடியே மொழிபெயர்ப்பாளர் கைக்குப் போகணும். பாவு (நீளவாக்கு இழை), ஊடை (குறுக்கு இழை) ரெண்டுக்கும் இங்கிலீஷ் சொல் அவங்களுக்குத் தெரியணும். பத்தமடையில் பாவு நூல், ஊடைதான் கோரை. கோரையைப் புல்லுன்னு சொல்லிட்டா தாவரவியல் படிச்சவங்க முகம் சுளிப்பாங்க, அது சைபரஸ் பேரினம், புல் குடும்பம் இல்லை. தானியங்கி வசனவரியை மட்டும் நம்பாதீங்க, ‘பாய்’ங்கிற சொல்லை அது பையனா ஆக்கிரலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வர்ற ஸ்லைடுகள் பாமினிங்கிற பழைய (யூனிகோட் அல்லாத) எழுத்துருவில் இருந்தா உங்க கணினியில் எழுத்துக் குப்பையாத் தெரியும். பிடிஎஃப் ஆக்கி வாங்குங்க.

பொது அமர்வை மாலை 6:30க்கு வைங்க. குளிர்காலத்தில் டொராண்டோவில் காலை 8, ஜெர்மனியில் மதியம் 2, ஜப்பானில் இரவு 10. ரெண்டு மணி நேரம் தாண்டினா ஜப்பான்காரங்க போயிருவாங்க.

முக்கூடல்:
ரொம்ப நன்றி. கேள்வி நேரத்தை யார் கையில குடுக்கலாம்?

கொக்கிரகுளம்:
ரெண்டு மொழியும் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட. முதல் கேள்வி நெசவாளருக்கு, அடுத்தது இணையத்துக்கு, அப்படியே மாறி மாறி. அரட்டையில தமிழ்ல வர்ற கேள்வியையும் உரக்க வாசிக்கணும். கேள்வி முடிஞ்சதும் நாலஞ்சு விநாடி பொறுத்துட்டு பதில் சொல்லச் சொல்லுங்க, அதுக்குள்ள மொழிபெயர்ப்பு வந்து சேந்துரும்.