நாய் ஓயாமல் பாதத்தை நக்குகிறது; மருந்தை நிறுத்தியதும் மறுபடி ஆரம்பிக்கிறது. என்ன செய்யலாம்?

கார்முகில்:
வணக்கம். எங்கள் லாப்ரடார் பெண் நாய்க்கு இரண்டு வயது. கொஞ்ச காலமாகவே பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறாள். கூப்பிட்டால் தலை நிமிர்ந்து பார்ப்பாள், அடுத்த நொடி திரும்ப நக்கத் தொடங்கிவிடுவாள். ராத்திரியில் அந்தச் சத்தத்துக்கே எங்களுக்கு முழிப்பு வந்துவிடுகிறது. விரல்களுக்கு நடுவில் இருக்கும் வெளிர் முடியெல்லாம் செம்பழுப்பாக மாறிவிட்டது. டாக்டரிடம் காட்டினோம். பூஞ்சை என்று சொல்லி மாத்திரையும் ஷாம்பூவும் கொடுத்தார். போட்டவரைக்கும் நன்றாக இருந்தாள். நிறுத்திய சில வாரங்களில் பழையபடி ஆகிவிட்டது.

இது வெறும் பழக்கமா? நக்க விடாமல் தடுக்கக் கழுத்தில் மாட்டும் கூம்புப் பட்டையை, அதாவது கோனை, மாட்டிவிட்டால் மறந்துவிடுவாளா? வீட்டில் படர்தாமரைக்கு வாங்கிய களிம்பு இருக்கிறது, அதைத் தடவலாமா? அவள் படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை.

சுடர்_22:
களிம்பைத் தடவ வேண்டாம், தயவுசெய்து. தடவியதை எல்லாம் அவள் நக்கி விழுங்கிவிடுவாள். படர்தாமரைக் களிம்புகள் பலவற்றில் வலுவான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். சொரியாசிஸ் களிம்பு இன்னும் ஆபத்து: அதில் வரும் கால்சிபோட்ரியால் கொஞ்சம் உள்ளே போனாலே நாயின் சிறுநீரகம் கெட்டுவிடும். டீ ட்ரீ எண்ணெய், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம்.

வேம்பு:
கால்நடை மருத்துவமனையில் தோல் பிரிவில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். முதலில் ஒரு கேள்வி: ஒரு பாதத்தையா, எல்லாப் பாதங்களையுமா? பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

ஒரே பாதம் என்றால் அந்தக் காலில்தான் ஏதோ இருக்கிறது. முள், புல்லின் கூரான கதிர், பிளந்த நகம், விரலிடுக்கில் ஒட்டிய உண்ணி, கொப்புளம், இப்படி. வயதான நாய் மணிக்கட்டுப் பக்கமே நக்கிக்கொண்டிருந்தால் மூட்டு வலியையும் சந்தேகப்பட வேண்டும். இரண்டு முன்னங்கால் அல்லது நான்கு கால் என்றால் பெரும்பாலும் அலர்ஜி.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். அவள் களைத்துப் படுத்திருக்கும்போது செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். மேல்பக்கம் மட்டும் போதாது. அடிப்பக்கம், மெத்தைகளுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தையும் பார்க்க வேண்டும். தோல் சிவந்திருக்கிறதா, பிசுபிசுப்பு உண்டா, நகத்தின் அடியில் பழுப்புப் படிவு இருக்கிறதா, புளித்த வாடை அடிக்கிறதா? காதையும் முகர்ந்து பாருங்கள்.

முடி செம்பழுப்பானதற்குக் காரணம் எச்சில். அதில் இருக்கும் போர்பைரின் என்ற நிறமி வெளிர் முடியில் படியும். அதனால் நக்குவது பல நாளாக நடக்கிறது என்பது மட்டும் உறுதி.

கார்முகில்:
பார்த்துவிட்டேன். முன்னங்கால் இரண்டிலும் நல்ல சிவப்பு, பின்னங்காலில் லேசாக. நகத்தடியில் நீங்கள் சொன்ன அதே பழுப்பு. வாடையும் இருக்கிறது. காதின் உள்பக்கம்கூடச் சிவந்திருக்கிறது, அடிக்கடி தலையை உதறுவாள். அதையும் இதையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. இப்போது புதிதாக ஒன்றும் சாப்பிடவில்லையே, அலர்ஜி எப்படி வரும்?

வேம்பு:
பல மாதம், பல வருடம் சாப்பிட்ட பொருளுக்குக்கூட அலர்ஜி வரலாம். உணவே காரணமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தூசிப்பூச்சி, மகரந்தம், பூஞ்சை வித்து இவற்றால் வரும் அலர்ஜிதான் இன்னும் அதிகம். அது பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தலைகாட்டும். லாப்ரடார்களில் சகஜம். பாதமும் காதும் சேர்ந்து சிவப்பது அதன் வழக்கமான அடையாளம்.

உங்கள் டாக்டர் பூஞ்சை என்று சொன்னதும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மலசீசியா என்கிற அந்தப் பூஞ்சை, ஈஸ்ட் வகை, ஆரோக்கியமான நாயின் தோலிலும் கொஞ்சம் இருக்கும். அலர்ஜியால் தோல் பலவீனமாகி, நக்கி நக்கி ஈரமும் சேர்ந்தால் பெருகிவிடும். பெருகினால் அரிப்பு கூடும், இன்னும் நக்குவாள். மாத்திரை ஈஸ்டைக் குறைத்தது, அடியில் இருக்கும் அலர்ஜி அப்படியே இருக்கிறது. அதனால்தான் திரும்ப வருகிறது.

அடுத்த முறை டாக்டரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். விரலிடுக்கில் டேப் ஒட்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் ஈஸ்டா பாக்டீரியாவா என்று பார்க்கச் சொல்லுங்கள். டெமோடெக்ஸ் என்ற சிற்றுண்ணி இருக்கிறதா என்று தோலைச் சுரண்டியும் பார்க்கட்டும். தெள்ளுப்பூச்சிக்கான மருந்து தவறாமல் போகிறதா என்பதையும் சரிபாருங்கள். அதற்கு அப்புறம்தான் உணவுச் சோதனை.

வீட்டில் செய்ய வேண்டியது: வெளியே போய்வந்ததும் பாதங்களை வெறும் தண்ணீரில் கழுவி, விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடையுங்கள். துடைப்பதுதான் முக்கியம். மருந்து ஷாம்பூ போட்டால் பத்து நிமிடம் ஊறவிட்டுத்தான் அலச வேண்டும். நிறையப் பேர் உடனே அலசிவிடுகிறார்கள், பிறகு மருந்து வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

கோன் புண் ஆறும்வரை உதவும். அரிப்பைக் குறைக்காமல் அதை மட்டும் மாட்டினால் அவளுக்கு அது வேதனைதான்.

மணல்வீடு:
எங்கள் நாய்க்குச் சலிப்பால் வந்தது என்றார்கள். நிறைய நடக்க வைத்தோம், குறைந்தது. அதையும் பாருங்கள்.

வேம்பு:
சலிப்பாலும் பதற்றத்தாலும் நக்கும் நாய்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சிவப்பும் வாடையும் காதுத் தொல்லையும் இருக்கும்போது உடம்பில் காரணம் தேடிய பிறகே மனசுக்குப் போக வேண்டும். அரிக்கிற நாயைப் பழக்கம் கெட்ட நாய் என்று அதட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

கார்முகில்:
ரொம்ப நன்றி. உணவுச் சோதனை எப்படி? ரத்தப் பரிசோதனையில் தெரியாதா?

வேம்பு:
உணவு அலர்ஜிக்கு ரத்தப் பரிசோதனையை நம்ப முடியாது. அவள் இதுவரை சாப்பிடாத ஒரு புரதம், அல்லது டாக்டர் எழுதித் தரும் ஹைட்ரோலைஸ்டு உணவு (புரதத்தைச் சிறு சிறு துண்டுகளாக உடைத்துச் செய்தது), குறைந்தது எட்டு வாரம். அது மட்டுமே. அரிப்பு குறைந்தால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால் உணவுதான் காரணம் என்று உறுதியாகும். குறையவே இல்லை என்றால் சுற்றுச்சூழல் அலர்ஜி. அதற்கு ஓக்லாசிடினிப் மாத்திரை, லோகிவெட்மாப் ஊசி என்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்று டாக்டர் சொல்வார். சோதனை நடக்கும்போது தூங்க முடியாமல் அரித்தால் தற்காலிக மருந்து கேட்டு வாங்குங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

கார்முகில்:
வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், தட்டிலிருந்து யாரும் எதுவும் போடக் கூடாது என்று. மாதாமாதம் உண்ணிக்குக் கொடுக்கும் மெல்லும் மாத்திரையைத் தொடரலாமா?

வேம்பு:
நல்லவேளை கேட்டீர்கள். அவற்றில் பலவற்றுக்குச் சுவைக்காக இறைச்சிப் புரதம் சேர்ப்பார்கள், எட்டு வார உழைப்பும் வீணாகிவிடும். நிறுத்திவிடாதீர்கள். முதுகில் விடும் சொட்டு மருந்தாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.